யாவர்க்கும் ஏற்ற கணினி முகப்பு

ஒரு கருவி நல்லதா அன்றா என்பதை முடிவு செய்யும் உரிமை யாருக்கு உண்டு? அதனை ஆக்கியவருக்கா, ஆள்பவருக்கா? அரிவாளை அடிப்பவன் கொல்லன். ஆனால் அதன் பிடி கைக்கு இசைகிறதா என்று சொல்ல வேண்டியவன் கதிர் அறுக்கும் உழவன். ‘இரும்பு உயர்ந்தது, கூர் குறையாதது’ என்று கொல்லன் எவ்வளவு வாதாடினாலும், அறுப்பவன் உள்ளங்கையில் கொப்புளம் எழுந்தால் அந்த வாதம் நில்லாது. கணினியின் திரையில் நாம் நாள்தோறும் காணும் முகப்புக்கும் இவ்வுண்மை முற்றும் பொருந்தும். அம்முகப்பைப் பற்றி, சிறப்பாகக் கட்டற்ற மென்பொருள் இயக்கத்தார் அதனைப் பொதுமக்களுக்கு ஏற்றதாக ஆக்க எடுத்துக்கொண்ட முயற்சியைப் பற்றி, இன்று மாணவ நண்பர்களுக்குச் சில சொல்ல விரும்புகிறேன்.

முதலில் மேசைமுகப்பு என்பது யாது என்று பார்ப்போம். கணினியின் உள்ளே நிகழ்வதெல்லாம் எண்களின் ஓட்டம். அந்த ஓட்டத்தை மனிதன் கண்ணால் காணவும் கையால் ஏவவும் ஓர் இடைத்தரகர் வேண்டும். பழங்காலத்தில் ஆணைகளை எழுத்தெழுத்தாகத் தட்டி ஏவினர். ஆணை மறந்தால் வேலை நின்றது. 1973ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கலிபோர்னியாவிலுள்ள ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் ஆல்ட்டோ என்னும் கணினி உருவாயிற்று. அங்கே வளர்ந்த எண்ணங்களின் பயனாக 1981இல் வெளிவந்த ஸ்டார் என்னும் கணினி, திரையையே ஓர் அலுவலக மேசையாகக் காட்டியது. மேசைமேல் கோப்புகள், கோப்புறைகள், அஞ்சற் பெட்டி. எழுத்தர் தாம் அறிந்த பொருள்களையே திரையிலும் கண்டார். 1984இல் ஆப்பிள் நிறுவனத்தின் மெக்கின்டாஷ் இம்முறையை வீடுகளுக்குக் கொண்டு சென்றது. 1995இல் வந்த விண்டோஸ் 95 அதனை உலகெங்கும் பரப்பியது.

ஆசிரியப் பயிற்சி பெற்றவர்களுக்கு இதன் தத்துவம் புதியதாகத் தோன்றாது. ‘தெரிந்ததிலிருந்து தெரியாததற்கு அழைத்துச் செல்க’ என்பது பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்குக் கற்பித்த முதற் பாடங்களுள் ஒன்று. பின்னத்தைக் கற்பிக்கும் ஆசிரியர் ஒரு தோசையை நான்காக வகுத்துக் காட்டுவது போலவே, ஸ்டார் கணினியை ஆக்கியோர் மேசையைக் காட்டிக் கணினியைக் கற்பித்தனர்.

இனி, கட்டற்ற மென்பொருளுக்கு வருவோம். 1983இல் ரிச்சர்டு ஸ்டால்மன் என்னும் அமெரிக்க அறிஞர் குனூ என்னும் திட்டத்தை அறிவித்தார். மென்பொருளை எவ்வகைப் பணிக்கும் இயக்கவும், அது செயற்படும் வகையை ஆராயவும், திருத்தவும், பிறருடன் பகிரவும் அனைவர்க்கும் உரிமை வேண்டும் என்பது அவர் கொள்கை. 1991இல் பின்லாந்து நாட்டின் ஹெல்சின்கிப் பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ், லினக்ஸ் என்னும் இயங்குதள உட்கருவை எழுதி வெளியிட்டார். இவ்விரண்டும் இணைந்தபோது, விலை கொடாமலும் எவர் அனுமதியையும் வேண்டாமலும் இயக்கத்தக்க முழுமையான இயங்குதளம் ஒன்று உலகுக்குக் கிடைத்தது.

ஆனால் அது யாருக்குக் கிடைத்தது? ஆணைகளைத் தட்டி ஏவத் தெரிந்தவர்க்கே கிடைத்தது. அக்காலத்தில் லினக்ஸ் கணினிகளில் சாளரங்களை வரைந்து காட்டியது, மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1984இல் தோன்றிய எக்ஸ் சாளர முறை. ‘திரையில் வரையும் வழியை மட்டும் நாம் தருவோம், எதை, எப்படி வரைவது என்பதைப் பிறர் முடிவு செய்க’ என்பது அதனை ஆக்கியோரின் கொள்கை. பொறியியல் நோக்கில் இது சிறந்த கொள்கையே. அம்முறை பல பத்தாண்டுகள் நிலைத்ததற்கு அக்கொள்கையும் ஒரு காரணம். ஆயினும் பயன்படுத்துவோர்க்கு அதனால் ஒரு தொல்லை விளைந்தது. ஒவ்வொரு மென்பொருளும் ஒவ்வொரு தோற்றத்தோடு வந்தது. ஒன்றின் உருளுபட்டையை இழுத்து நகர்த்த வேண்டும். மற்றொன்றின் உருளுபட்டையிலோ சுட்டியின் இடப் பொத்தானை அழுத்தினால் பக்கம் ஒரு திசையிலும், வலப் பொத்தானை அழுத்தினால் எதிர்த் திசையிலும் நகரும். ஒரே திரையில் அடுத்தடுத்து நிற்கும் இரு சாளரங்களுக்கு இரு வேறு சட்டங்கள்! ஒரே பள்ளியில் வகுப்புக்கொரு மணிமுறை இருந்தால் மாணவர் படும் பாட்டை எண்ணிப் பாருங்கள்.

இக்குறையைக் களைய முன்வந்தவரும் ஒரு மாணவரே. ஜெர்மனியின் டியூபிங்கன் பல்கலைக்கழகத்தில் பயின்ற மத்தியாஸ் எட்ரிச் 1996 அக்டோபரில் கே.டி.இ. என்னும் திட்டத்தை அறிவித்தார். எல்லா மென்பொருளும் ஒரே தோற்றமும் ஒரே நடையும் கொண்டனவாய், கணினி வல்லுநர் அல்லாதவர்க்கும் பயன்பட வேண்டும் என்பது அவர் நோக்கம். அதன் முதற் பதிப்பு 1998 ஜூலையில் வெளிவந்தது. அத்திட்டம் சார்ந்து நின்ற க்யூட்டி என்னும் நார்வே நாட்டு நிரற்றொகுதியின் உரிமம் அப்போது முழுக் கட்டற்ற உரிமமாக இல்லை. ஆதலின் மெக்சிகோவைச் சேர்ந்த மிகுவேல் டி இக்காசா, பெடெரிக்கோ மேனா என்னும் இருவர் 1997 ஆகஸ்டில் குனோம் என்னும் மற்றொரு திட்டத்தைத் தொடங்கினர். அதன் முதற் பதிப்பு 1999இல் வந்தது. உரிமச் சிக்கல் பின்னர்த் தீர்ந்துவிட்டது. திட்டங்கள் மட்டும் இரண்டாகவே நின்று, இன்றளவும் வளர்ந்து வருகின்றன.

முகப்பு இருந்தால் மட்டும் போதுமா? போதாது என்பது விரைவில் தெரியலாயிற்று. கட்டற்ற மென்பொருளை எழுதுவோர் பெரும்பாலும் தம் தேவைக்காகவே எழுதத் தொடங்குகின்றனர். அதனால் அவர்கள் ஆர்வம் குன்றுவதில்லை. அது அவர்கள் வலிமை. ஆனால் தமக்காகத் தைத்த சட்டை தமக்குத்தான் பொருந்தும். நிரல் எழுதுபவர்க்குத் தம் நிரலின் உள்ளமைப்பு முழுவதும் தெரியும். ஆதலின் அந்த உள்ளமைப்பையே திரையிலும் விரித்து வைத்துவிடுகிறார். காண்பவர்க்கோ தம் பணிதான் தெரியும். ‘கடிதம் எழுத வேண்டும், அச்சிட வேண்டும்’ என்று வருபவரிடம், ‘எந்த அச்சு வரிசை, எந்த இயக்கி, எந்த நெறிமுறை?’ என்று திரை வினவினால் அவர் என் செய்வார்? கணக்கில் மிக வல்ல ஆசிரியர் சிலர் தொடக்க வகுப்பில் தோற்றுப்போவதை நான் கண்டிருக்கிறேன். தமக்கு எளிதாக இருப்பது குழந்தைக்கு ஏன் எளிதாக இல்லை என்பது அவர்களுக்கு விளங்குவதில்லை. மென்பொருள் ஆக்குநரின் இடர்ப்பாடும் அத்தகையதே.

இந்நிலையில் 2001ஆம் ஆண்டு சன் மைக்ரோசிஸ்டம்ஸ் என்னும் அமெரிக்க நிறுவனம் ஒரு நல்ல காரியம் செய்தது. குனோமை முன்னர்ப் பழகாத சிலரை அழைத்து, அதன் முன் அமர்த்தி, சில வேலைகளைக் கொடுத்து, அவர்கள் எங்கே தடுமாறுகின்றனர் என்று உற்றுநோக்கிக் குறித்து வெளியிட்டது. ஆக்குநர்களுக்கு அன்றாட வழக்காக இருந்த சொற்களே வந்தவர்களுக்குப் புதிராயிருந்தன. ஆக்குநர்கள் செல்வமாகக் கருதிய பல தெரிவுகளே வந்தவர்களைத் திகைக்க வைத்தன. இத்தகைய ஆய்வுகளின் பயனாக, 2002இல் குனோம் திட்டத்தார் முகப்பு அமைப்பதற்கான வழிகாட்டு நெறிகளைத் தொகுத்து நூலாக வெளியிட்டனர். அவ்வாண்டு ஜூனில் வந்த இரண்டாம் பதிப்பு அந்நோக்கத்துடனேயே எளிமை செய்யப்பட்டது.

அந்நெறிகளுள் ஒன்றை மட்டும் இங்கே விளக்கிக் காட்டுகிறேன். நீங்கள் ஒரு கட்டுரை எழுதிச் சேமியாமல் சாளரத்தை மூடுகிறீர்கள். ‘சேமிக்காமல் மூடலாமா?’ என்று கணினி கேட்டு, ‘ஆம்’, ‘இல்லை’ என்று இரு பொத்தான்களைக் காட்டுகிறது. வேறொரு மென்பொருள், ‘மாற்றங்களைச் சேமிக்க வேண்டுமா?’ என்று கேட்டு அதே ‘ஆம்’, ‘இல்லை’ என்னும் பொத்தான்களைக் காட்டுகிறது. முன்னதில் ‘ஆம்’ என்றால் கட்டுரை அழியும். பின்னதில் ‘ஆம்’ என்றால் கட்டுரை பிழைக்கும். விரைவில் இருப்பவர் வினாவை முழுதும் படிப்பதில்லை, பொத்தானையே பார்க்கிறார். ஆகவே குனோம் நெறி, பொத்தானிலேயே வினைச்சொல்லை எழுதுக என்றது. ‘சேமிக்காமல் மூடு’, ‘ரத்து செய்’, ‘சேமி’ என்று எழுதிவிட்டால் வினாவைப் படியாதவரும் பிழை செய்ய மாட்டார். இது பெரிய கண்டுபிடிப்பன்று. ஆனால் ஒரு மாணவனின் இரண்டு மணி நேர உழைப்பு இச்சிறு மாற்றத்தால் காக்கப்படுகிறது.

அமைப்புச் சாளரங்களிலும் இவ்வாறே ஒரு திருத்தம் செய்தனர். எழுத்தின் அளவையோ திரையின் நிறத்தையோ மாற்றியபின், ‘சரி’, ‘செயற்படுத்து’, ‘ரத்து’ என்று மூன்று பொத்தான்களுக்கிடையே மயங்க வேண்டியதில்லை. மாற்றியவுடன் மாற்றம் கண்ணுக்குத் தெரியும். பிடிக்கவில்லையெனில் உடனே திருப்பிக்கொள்ளலாம். செய்து பார்த்துக் கற்றல் என்று கல்வியியலார் கூறுவது இதுவேயாகும்.

இங்கே ஒரு பெரும் விவாதம் எழுந்தது. மென்பொருளில் எத்தனை விருப்பத் தெரிவுகள் இருக்க வேண்டும்? கட்டற்ற மென்பொருள் என்றால் விருப்பம்போல் மாற்றும் உரிமைதானே. ஆகவே தெரிவுகள் எத்துணை மிகுமோ அத்துணை நன்று என்று ஒரு சாரார் கூறினர். குனோம் ஆக்குநருள் ஒருவரான ஹேவக் பென்னிங்டன் 2002இல் இதனை மறுத்தார். ஒவ்வொரு தெரிவுக்கும் ஒரு விலை உண்டு என்பது அவர் வாதம். தெரிவுகள் மிகுந்தால் வேண்டியதைத் தேடிக் காண இயலாது. அவற்றைச் சோதிப்பதும் அரிதாகும். இதனைக் கணக்கால் விளக்கலாம். ‘வேண்டும்’, ‘வேண்டா’ என்று இரு நிலைகள் மட்டும் கொண்ட தெரிவுகள் பத்து இருந்தால், அவை சேரும் வகைகள் 1,024. இருபது இருந்தால் பத்து இலட்சத்துக்கும் மேல். அத்தனை வகைகளையும் யார் சோதித்துப் பார்ப்பது? ஆதலின் தெரிவுகளைக் குறைத்து, தாமாகவே நன்கு அமைந்த இயல்பு நிலையைத் தருவதே ஆக்குநரின் கடமை என்றார்.

மறுசாராரும் வாளாவிருக்கவில்லை. 2005 டிசம்பரில் லினஸ் டோர்வால்ட்ஸே குனோமின் போக்கைக் கடுமையாகக் கண்டித்தார். பயனரை அறிவிலியாகக் கருதும் போக்கு இது என்று கூறி, கே.டி.இ.யைப் பயன்படுத்துமாறு பரிந்துரைத்தார். இவ்விரு கட்சியிலும் உண்மை உண்டு என்பதே என் துணிபு. எளிமை வேறு, வறுமை வேறு. பாடப் புத்தகத்தில் வேண்டாத விரிவை நீக்குவது எளிமை. மாணவனுக்கு விளங்காது என்று எண்ணி வேண்டிய பாடத்தையே நீக்குவது வறுமை. நல்ல முகப்பு, அடிக்கடி வேண்டுவதைக் கண்முன் வைக்கும். எப்போதோ வேண்டுவதை ஒருபடி உள்ளே வைக்கும். ஆனால் மறைத்து விடாது.

எதைக் கண்முன் வைப்பது, எங்கே வைப்பது என்பதற்கும் அறிவியல் துணை உண்டு. பால் பிட்ஸ் என்னும் அமெரிக்க உளவியலறிஞர் 1954இல் ஒரு விதியை நிறுவினார். ஓர் இலக்கைச் சென்று தொடுவதற்கு ஆகும் நேரம், அது எவ்வளவு தொலைவில் உள்ளது, எவ்வளவு பெரியது என்னும் இரண்டையும் பொறுத்தது. அருகில் உள்ள பெரிய இலக்கை விரைவில் தொடலாம். தொலைவில் உள்ள சிறிய இலக்கைத் தொட நேரம் ஆகும். இதிலிருந்து ஒரு வியப்பான முடிவு கிடைக்கிறது. திரையின் விளிம்பைத் தாண்டிச் சுட்டி செல்ல முடியாது. ஆகையால் விளிம்பை ஒட்டிய பொத்தானை நோக்கிச் சுட்டியை எவ்வளவு வேகமாகத் தள்ளினாலும் அது அங்கேயே நின்றுவிடும். அளவில் சிறிதாயினும் அது மிகப் பெரிய இலக்குப் போல் பயன்படுகிறது. திரையின் மூலைகளோ இதனினும் சிறந்தவை. ஆனால் பொத்தானுக்கும் விளிம்புக்கும் இடையே ஒரு மயிரிழை இடைவெளி விட்டுவிட்டால் இப்பயன் முழுதும் கெட்டுவிடும். அழகுக்காக விட்ட கோடு பயனைக் கெடுத்த கதை கணினி வரலாற்றில் உண்டு. உங்கள் கணினியில் நீங்களே சோதித்துப் பார்க்கலாம்.

அறிவியலும் நல்லெண்ணமும் இருந்தும் தோல்வி நேர்வது உண்டு. 2004 மார்ச்சில் வெளிவந்த குனோம் 2.6 பதிப்பில், நாட்டிலஸ் என்னும் கோப்பு மேலாளர் ஒரு புதுமுறையைக் கொண்டு வந்தது. ஒவ்வொரு கோப்புறையும் தனக்குரிய சாளரத்தில், தான் முன்பு இருந்த இடத்திலேயே திறக்கும். வீட்டில் பொருள்கள் வைத்த இடத்தில் இருப்பதுபோல் கோப்புறைகளும் இருந்தால் நினைவுக்கு எளிது என்பது கருத்து. கருத்து நன்றே. ஆனால் மக்களின் கோப்புறைகள் ஒன்றினுள் ஒன்றாக ஆறேழு அடுக்குகள் உடையன. உள்ளே செல்லச் செல்லத் திரை முழுவதும் சாளரங்கள் நிறைந்தன. பலர் வெறுத்தனர். இறுதியில், 2010ஆம் ஆண்டுப் பதிப்பில், அம்முறை இயல்பு நிலையிலிருந்து விலக்கப்பட்டது. ஒப்புமை அழகாக இருப்பது வேறு. மக்களின் நடைமுறைக்கு ஒத்திருப்பது வேறு.

இதனினும் பெரிய சோதனை 2011 ஏப்ரலில் வந்தது. குனோமின் மூன்றாம் பதிப்பு முகப்பை அடியோடு மாற்றியது. கீழே இருந்த பணிப்பட்டை போயிற்று. சாளரத்தைச் சிறிதாக்கும் பொத்தானும் பெரிதாக்கும் பொத்தானும் போயின. கணினியை நிறுத்தும் கட்டளைகூடத் தானாகக் கண்ணில் படாது; விசைப்பலகையில் ஆல்ட் விசையை அழுத்திப் பிடித்தால்தான் தோன்றும்! ‘உறங்கச் செய்தால் போதும், நிறுத்த வேண்டியதில்லை’ என்பது ஆக்குநரின் எண்ணம். மின்சாரம் நின்று நின்று வரும் ஊர்களில் வாழ்வோர் இதற்கு என்ன சொல்வர் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. 2012இல் நிறுத்தும் கட்டளை மீண்டும் வெளியே வந்தது. அதே 2011 ஏப்ரலில் உபுண்டு என்னும் லினக்ஸ் வெளியீடும் யூனிட்டி என்னும் புது முகப்பைத் தன் இயல்பு முகப்பாகக் கொண்டது. அதுவும் பெரும் கண்டனத்துக்கு உள்ளாயிற்று. காலப்போக்கில் பலர் அதனை விரும்பலாயினர். ஆயினும் 2017இல் அது கைவிடப்பட்டது. உபுண்டு குனோமுக்கே திரும்பியது.

இவ்வகைப் பிழை கட்டற்ற மென்பொருளுக்கே உரியது என்று எவரும் எண்ண வேண்டா. 2012இல் வந்த விண்டோஸ் 8, பதினேழு ஆண்டுகள் மக்கள் பழகிய தொடக்கப் பொத்தானை நீக்கியது. மறுத்தெழுந்த குரல் கேட்டு, அடுத்த ஆண்டே 8.1 பதிப்பில் அது திரும்ப வைக்கப்பட்டது. கையடக்கக் கருவிகள் பெருகிய காலம் அது. தொடுதிரைக்கும் மேசைக் கணினிக்கும் ஒரே முகப்பு அமைக்க எல்லோரும் விரைந்தனர். விரைவில், பழகியவரின் பழக்கமும் ஒரு செல்வம் என்பதை மறந்தனர். நெடுநாள் பழகிய கை, கண்ணின் துணையின்றியே வேலை செய்கிறது. அந்தப் பழக்கத்தைக் கேட்காமல் பறித்தால், நேற்று வரை தேர்ந்தவராயிருந்தவர் இன்று தொடக்க மாணவராகிவிடுகிறார். அவர் சினங்கொள்வதில் வியப்பென்ன?

இங்கேதான் கட்டற்ற மென்பொருளின் தனிச்சிறப்பு வெளிப்பட்டது. தனியுரிமை மென்பொருளில் பழைய முகப்பு நீக்கப்பட்டால், பயனர் முறையிடலாம், அதற்குமேல் வழியில்லை. குனோமின் பழைய பதிப்போ எவரும் எடுத்து வளர்க்கத்தக்க உரிமம் உடையது. 2011லேயே அர்ஜென்டினா நாட்டவர் ஒருவர் அப்பழைய பதிப்பை எடுத்து, தென் அமெரிக்கர் பருகும் ஒரு செடியின் பெயரால் மாட்டே என்று பெயரிட்டு வளர்க்கத் தொடங்கினார். லினக்ஸ் மின்ட் என்னும் வெளியீட்டார், புதிய அடித்தளத்தின்மேல் பழகிய தோற்றத்தை அமைத்துச் சின்னமன் என்னும் முகப்பை ஆக்கினர். குனோம் திட்டத்தாரே 2013இல் பழைய நடையை ஒத்த ஒரு வடிவத்தையும் சேர்த்துத் தந்தனர். உழைப்பு பல கிளையாகச் சிதறியது உண்மை. ஆயினும் எவரும் ஆதரவற்று விடப்படவில்லை. குனோம் ஆக்குநரும் பாடம் கற்றனர். 2021 மார்ச்சில் வந்த நாற்பதாம் பதிப்பில் முகப்பை மீண்டும் மாற்றியபோது, வெளியிடுமுன்னரே பயனர்களிடம் காட்டிச் சோதித்தனர்.

முகப்பின் மற்றொரு கூறு மொழி. தமிழில் கணினியைப் பயன்படுத்த விரும்பிய ஆர்வலர்கள், எவரும் ஏவாமலே, குனோம், கே.டி.இ. ஆகியவற்றின் ஆயிரக்கணக்கான தொடர்களை மொழிபெயர்த்தனர். உரிமம் இடந்தந்ததால் இது இயன்றது. அப்பணியில் அவர்கள் சந்தித்த சிக்கல்கள் அனைத்தும் முகப்பு வடிவமைப்பின் சிக்கல்களே. ஆங்கிலத்தில் நான்கெழுத்தில் முடியும் சொல்லுக்குத் தமிழில் எட்டெழுத்து வேண்டியிருக்கும். பொத்தானின் அகலத்தை முன்கூட்டியே வரையறுத்து விட்டால் தமிழ்ச் சொல் நடுவே வெட்டுண்டு நிற்கும். ஆங்கிலத் தொடரைத் துண்டு துண்டாக ஒட்டி ஆக்கும் நிரலில், வினை இறுதியில் வரும் தமிழ் வாக்கியம் தலைகீழாகிவிடும். ‘சேமி’ என்று ஏவுவதா, ‘சேமிக்கவும்’ என்று மரியாதையோடு சொல்வதா? பொத்தானை அழுத்துவதால் மனிதன் கணினியை ஏவுகிறான். ஆகவே ‘சேமி’ என்பதே பொருத்தம் என்பது என் கருத்து. கணினி மனிதனை வேண்டும்போது ‘காத்திருக்கவும்’ என்று பணிவோடு கூறட்டும். தமிழுக்காகப் பொத்தானை விரியச் செய்தால் அது ஜெர்மன் மொழிக்கும் உதவும். ஒருவருக்காகச் செய்த இடவசதி பலருக்கும் பயன்படுகிறது.

அவ்வாறாயின் நல்ல முகப்பை அமைக்கும் வழி என்ன? பயிற்சிக் கல்லூரியில் நாங்கள் மாதிரிப் பாடம் நடத்தும்போது, எங்கள் விரிவுரையாளர் கடைசி வரிசையில் வந்து அமர்வார். அவர் கரும்பலகையைப் பார்ப்பதில்லை. மாணவர் முகங்களையே பார்ப்பார். எந்த இடத்தில் முகங்கள் வாடின, எந்த இடத்தில் பக்கத்துப் பையனின் ஏட்டை எட்டிப் பார்த்தனர் என்று குறித்துக்கொண்டு, ‘அங்கே உன் பாடம் உடைந்தது’ என்பார். முகப்பு அமைப்பவரும் இதனையே செய்தல் வேண்டும். புதியவர் ஒருவரைக் கணினி முன் அமர்த்துங்கள். ஒரு வேலையைக் கொடுங்கள். பிறகு வாய் திறவாதீர்கள். அவர் கை எங்கே தயங்குகிறது, எந்தச் சொல்லை இருமுறை படிக்கிறார் என்று நோக்குங்கள். பெருங்கூட்டம் வேண்டியதில்லை. ஏறத்தாழ ஐவரைக் கொண்டு சோதித்தாலே பெரும்பாலான குறைகள் வெளிப்பட்டுவிடும் என்று இத்துறை அறிஞர் ஜேக்கப் நீல்சன் கூறியுள்ளார். உதவி செய்யத் துடிக்கும் நாவை அடக்குவதுதான் இதில் கடினமான பகுதி. அதனை ஆசிரியர்கள் நன்கு அறிவர்.

எனினும் இதில் கருத வேண்டுவது ஒன்று உண்டு. குரலெழுப்புவோர் எப்போதும் பழகியவர்களே. புதிதாக வந்து தடுமாறுபவர் முறையிடுவதில்லை; தம் அறிவின்மீதே ஐயங்கொண்டு எழுந்து போய்விடுகிறார். ‘எனக்கு இது வராது’ என்று சொல்லிக் கடைசி பெஞ்சுக்கு ஒதுங்கும் மாணவனைப் போன்றவர் அவர். பேசாத அவர் குரலைக் கேட்கவே உற்றுநோக்கல் வேண்டும். முறையீடுகளை மட்டும் கேட்டு நடப்பவர், ஏற்கெனவே உள்ளே இருப்பவர்களுக்கே வீட்டை விரிவாக்குகிறார். வாயிலில் நிற்பவரைக் காண்பதில்லை.

இவ்வளவு கவலை எதற்கு என்று சிலர் வினவலாம். ஜெர்மனியின் மியூனிக் நகராட்சி 2003ஆம் ஆண்டில் லினக்ஸுக்கு மாற முடிவு செய்து, 2013க்குள் ஏறத்தாழ 15,000 கணினிகளை மாற்றி முடித்தது. ஆயினும் 2017இல் விண்டோஸுக்கே திரும்ப நகர் மன்றம் முடிவெடுத்தது. அதற்கு அரசியலும் நிருவாகமும் உள்ளிட்ட காரணங்கள் பல. ஆனால் அலுவலர்களின் அன்றாட மனக்குறைகளும் அந்த விவாதத்தில் இடம்பெற்றன. நம் நாட்டிலும் சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனத்தார் பாஸ் என்னும் லினக்ஸ் இயங்குதளத்தை இந்திய மொழிகளுக்கென ஆக்கி அளித்துள்ளனர். கேரளத்துப் பள்ளிகளில் மாணவர்கள் கட்டற்ற மென்பொருளிலேயே கணினிக் கல்வி பெறுகின்றனர். உரிமை சட்டத்தில் இருந்தால் மட்டும் போதாது. அது கையாளத்தக்கதாய் இருந்தால்தான் உரிமை. படிக்கத் தெரியாதவனுக்கு நூலகம் திறந்திருந்தும் என்ன பயன்? முகப்புச் சரியாக அமையாவிடின், கட்டற்ற மென்பொருள் தரும் விடுதலை சில ஆயிரம் வல்லுநருக்கு மட்டும் உரியதாய் நின்றுவிடும். ஏனையோர் விலை கொடுத்தோ, தம்மைப் பற்றிய செய்திகளைக் கொடுத்தோ, பிறர் கட்டிய வீட்டில் குடியிருக்க நேரும்.

மாணவ நண்பர்களே, இப்பணியில் உங்களுக்கும் பங்கு உண்டு. எட்ரிச்சும் டோர்வால்ட்ஸும் மாணவர்களாயிருந்தபோதே தம் பணியைத் தொடங்கினர் என்பதை மறவாதீர்கள். நிரல் எழுத வல்லவர் நிரல் எழுதுங்கள். மொழி வல்லவர் பொத்தான்களுக்கு நல்ல தமிழ்ச் சொற்களைத் தாருங்கள். ஓவியம் வல்லவர் குறும்படங்களை வரையுங்கள். இவற்றுள் எதுவும் கைவராதவர் ஒன்று செய்யலாம். உங்கள் வீட்டில் கணினியைத் தொட அஞ்சும் பாட்டியையோ அத்தையையோ அதன் முன் அமர்த்தி, அவர் எங்கே தயங்குகிறார் என்று பொறுமையாகக் குறித்து, அதனை ஆக்குநர்களுக்கு எழுதியனுப்புங்கள். ‘பாட்டிக்கு விளங்கவில்லை’ என்று எழுதாதீர்கள். ‘இந்த இடத்தில் இந்தச் சொல் விளங்கவில்லை’ என்று எழுதுங்கள். அந்த ஒரு வரி அடுத்த பதிப்பில் ஒரு சொல்லை மாற்றினால், பெயர் தெரியாத பல்லாயிரவர்க்கு ஒரு தடை நீங்கும்.